நாற்பதுக்கு மேல் நீச்சல்: தடாகமா, கீரிமலையா, கசூரினாவா?

“மச்சாள், டொக்டர் என்னை நீந்தப் போகச் சொல்லிப்போட்டார். கீரிமலைதானே எனக்குக் கிட்ட? அங்கை போகட்டே?”

கணவரின் தங்கை போன மாசியில் தொலைபேசியில் கேட்டது இது. தெல்லிப்பழையில் வீடு. வயது 48. பத்து வருடமாக நீரிழிவு, இரண்டு முழங்காலிலும் தேய்வு. விடியக்காலையில் நடந்துகொண்டிருந்தவர், உளைவு கூடியதால் அதையும் விட்டுவிட்டார். நான் அவருடைய இதே வயதில் நீச்சல் பழகத் தொடங்கி மூன்று வருடமாக விடாமல் நீந்துகிறேன் என்பதால் என்னைக் கேட்டார்.

“இப்ப போகாதேங்கோ” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஏன் என்று விளங்கப்படுத்தத்தான் அரை மணித்தியாலம் எடுத்தது. நடுவயதில் நீந்த நினைக்கிற யாழ்ப்பாணத்தவர் எல்லோருக்கும் இதே கேள்வி வரும். மாதாமாதம் காசு கட்டித் தடாகத்துக்குப் போவதா? காசில்லாமல் கீரிமலைக் கேணியில் இறங்குவதா? கசூரினா, சாட்டி என்று கடலுக்கே போவதா? மூன்றிலும் நான் நீந்தியிருக்கிறேன். மூன்றும் மூன்று விதமான தண்ணீர். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முதல் ஒன்று. சுற்றிவரக் கடல் இருக்கிற குடாநாட்டில் பிறந்து வளர்ந்த நாங்கள், குறிப்பாகப் பெண்கள், இத்தனை பேர் நீந்தத் தெரியாமல் இருக்கிறோம் என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் காங்கேசன்துறைக்குப் பக்கத்து ஊர். திண்ணையில் இருந்தால் அலைச் சத்தம் கேட்கும். 1990 இல் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு அந்தக் கடல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பியது 2017 இல். இடையில் 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து மணற்காட்டையும் வடமராட்சி கிழக்கையும் வாரிக்கொண்டு போனது. நீச்சல் பழகியிருக்க வேண்டிய வயது முழுவதும் எங்கள் தலைமுறைக்குக் கடல் என்றால் முள்ளுக்கம்பி, இல்லாவிட்டால் மரணச் செய்தி. அந்தப் பயம் உடம்பில் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் “கடல் சும்மாதானே கிடக்கு, போய்ப் பழகுங்கோ” என்று சொல்வது சரியில்லை.

கிணற்றில் பழகியவர்கள்

எங்கள் ஆண்களில் பலர் நீந்தத் தெரியும் என்பார்கள். தோட்டக் கிணற்றில் பழகியிருப்பார்கள். முற்றிய தேங்காய் இரண்டை உரிமட்டையோடு சேர்த்துக் கட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, இடுப்பில் கயிறு போட்டு, கட்டில் நின்று மாமாவோ சித்தப்பாவோ பிடித்துக்கொள்ள, கை கால் அடித்துப் பழகிய நீச்சல் அது. என் கணவரும் அப்படித்தான். எனக்கு அந்தப் படிப்பில் மரியாதை உண்டு. ஆனால் கிணற்று நீச்சலில் எந்தப் பக்கம் போனாலும் நாலு எத்தில் சுவர் வந்துவிடும். நாற்பது வருடம் கழித்துக் கசூரினாவில் இறங்கியபோது இவர் அதை மறந்துபோனார். கரையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு நாற்பது மீற்றர் நீந்தினார். தலையைத் தூக்கியபடி நீந்தியதில் மூச்சு வாங்கிவிட்டது. பிடிக்கச் சுவர் இல்லை. கால் ஊன்றிப் பார்த்தார். நல்ல காலம், கழுத்தளவில் நிலம் இருந்தது. திரும்பி நடந்து வந்து மணலில் இருந்தவர் கனநேரம் பேசவில்லை.

ஆகவே இந்த ஒப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை இல்லை, நீந்தப் போகிறவரை. துண்டாக நீந்தவே தெரியாதவர் ஒரு வகை. சின்ன வயதில் பழகி விட்டவர் இன்னொரு வகை. இரண்டாமவருக்குத்தான் ஆபத்துக் கூட, ஏனென்றால் அவருக்குப் பயமில்லை. கை கால் அடிக்கிற முறையை உடம்பு மறப்பதில்லை. மூச்சுத்தான் ஐம்பது வயதுக்குரியதாகிவிட்டது. ஓரத்தைப் பிடித்து இளைப்பாறக்கூடிய இடத்தில், நிற்காமல் 100 மீற்றர் நீந்திக் காட்டும் வரைக்கும் அவரும் புதியவர்தான் என்பது என் எண்ணம்.

தடாகம்

தடாகத்திலும் இரண்டு வகை. பாடசாலைகள், உள்ளூராட்சி மன்றங்கள், தனியார் பயிற்சி நிலையங்கள் நடத்துகிற நீளமான தடாகங்கள் ஒன்று. நகரத்து விடுதிகளில் இருக்கிற சின்னத் தடாகங்கள் மற்றது.

விடுதித் தடாகம் பார்க்க அழகு. பெரும்பாலும் ஆழம் குறைவு, அது புதியவருக்கு வசதி. நாள் கட்டணம் கட்டிவிட்டு நினைத்த நேரம் போகலாம். ஆனால் பத்து எத்தில் முடிந்துவிடும், பழக்குகிறவர் இருக்க மாட்டார், பல இடங்களில் உயிர்காப்பாளரும் இல்லை. பெண்களுக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல், சுற்றிவரக் கதிரை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களின் பார்வை. நான் முதல் தரம் போனது அப்படியொரு இடத்துக்குத்தான். தண்ணீரில் முகம் வைக்கப் பயந்து நடுங்கிக்கொண்டு நிற்கையில் ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். யாரை எடுத்தாரோ, ஆனால் ஏறி வந்துவிட்டேன். அடுத்த தரம் தண்ணீருக்குள் இறங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. வேறொருவருக்கு அந்த ஐந்து மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி தருகிற தடாகத்துக்குப் போனபோதுதான் வித்தியாசம் விளங்கியது. பெண்களுக்கென்று தனி நேரம். பழக்கிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும், என் பழைய மாணவிகளின் வயது. “ரீச்சர், இண்டைக்கு நீந்த வேண்டாம். வாயால ஊதிக் குமிழி மட்டும் விடுங்கோ” என்றார். அன்று முழுக்கச் சுவரைப் பிடித்தபடி மூக்கு வரை தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டேன். வளர்ந்தவர்கள் நீச்சலில் தோற்பது கையிலும் இல்லை, காலிலும் இல்லை, மூச்சில். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிடித்த மூச்சு நெஞ்சில் தேங்கும், தலையைத் தூக்கும்போது வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் நேரம் காணாது, அதுவே பதற்றமாகும். தண்ணீருக்குள் விட்டு மேலே எடுக்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி நீச்சல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு முகம் வைத்தல், மல்லாந்து மிதத்தல், சுவரை உதைத்து வழுக்கிப் போதல், பலகையைப் பிடித்துக் கால் அடித்தல். கைக்கு வேலை கொடுத்தது ஐந்தாவது கிழமையில். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் 25 மீற்றரையும் நிற்காமல் கடந்து எதிர்ச் சுவரைத் தொட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத்தான் முதலில் சொன்னேன். அவருக்கு 76 வயது. கேட்டுவிட்டு, தானும் சின்னனில் கடலுக்குள் இறங்க ஆசைப்பட்டதாகச் சொன்னார். அதுவரை அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

தடாகத்தைத் தெரிவுசெய்யும்போது விலையைக் கேட்க முதல் தண்ணீரைப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் அடித்தளத்துக் கோடு துலக்கமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நீங்கள் மூழ்கினாலும் மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. மூக்கைக் குத்துகிற மணம் வந்தால் பலரும் “குளோரீன் கூடிப்போச்சு” என்பார்கள்; உண்மையில் குளோரீன் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து மாறியதால் வருகிற மணம் அது. அதாவது தண்ணீருக்குப் புதுக் குளோரீன் காணாது என்று அர்த்தம். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரீனும், 7.2 இலிருந்து 7.8 வரையான பிஎச் அளவும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை. “இண்டைக்கு அளந்தது எவ்வளவு?” என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கொப்பியைக் காட்டுவார்கள். உயிர்காப்பாளர் கதிரையில் இருக்கிறாரா, கைபேசியில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். பெண்களுக்கான நேரம் எந்த நாட்களில் என்று கேட்டு, அது உங்கள் வேலை நேரத்தோடு ஒத்துவராவிட்டால் மற்ற எல்லாம் நல்லாய் இருந்தாலும் சேராதீர்கள். இரண்டாம் மாதத்தில் நின்றுவிடுவீர்கள்.

உடுப்பைப் பற்றி என்னிடம் கேட்காத பெண் இல்லை. முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை இறுக்கமான காற்சட்டையும் நீச்சல் துணியில் வருகின்றன. ஒன்றுக்கும் கூச வேண்டியதில்லை. பருத்தித் துணி மட்டும் வேண்டாம். நனைந்தால் கல்லுப் போலக் கனக்கும், தடாகங்களிலும் விட மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. மாதக் கட்டணம், குளோரீனில் காய்கிற தோலும் மயிரும், மாலையில் பிள்ளைகளின் நெரிசல். மாரியில் இடி மின்னல் என்றால் திறந்த தடாகத்தை மூடுவார்கள், மூடவும் வேண்டும். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணித்தியாலம் கழியும் வரைக்கும் தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

கீரிமலை

மச்சாளுக்குக் கீரிமலை மனதில் வந்ததில் ஒரு அதிசயமும் இல்லை. கீரி முகம் கொண்ட நகுல முனிவரும், குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் முழுகி நோய் தீர்ந்தார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டொக்டர் தண்ணீரைச் சொன்னவுடன் கால் அந்தப் பக்கம்தான் போகும். அந்த இடமும் லேசானதில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல் அடிக்கிறது, இந்தப் பக்கம் சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊற்றெடுத்த தண்ணீர் குளிர்ந்து நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பல வருடம் போக முடியாமல் இருந்து, திரும்பப் போன நாளில் நான் முதலில் இறங்கியது அந்தக் கேணியில்தான். படியில் இருந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் அது முழுகுகிற இடம், நீச்சல் பழகுகிற இடம் இல்லை. ஆண்களுக்கான கேணி பெரிது, ஆழமானது. பெடியள் மதிலில் நின்று குதிப்பார்கள். கீழே யார் தலை என்று பார்ப்பதில்லை. பெண்களின் கேணி தனியாக மறைப்போடு இருக்கிறது, அந்த மறைப்பு ஒரு பெரிய ஆறுதல், ஆனால் சின்னது. குறுக்குக் கட்டோடு முழுகலாம், நீந்த ஏலாது. துணி முழங்காலைச் சுற்றிக்கொள்ளும். படிகளில் பாசி. முழங்கால் தேய்ந்தவருக்கும், நீரிழிவால் பாதம் மரத்தவருக்கும் வழுக்குகிற படியைவிட மோசமான இடம் வேறில்லை. பழக்க ஆள் இல்லை, காவல் இல்லை. ஆடி அமாவாசைக்குச் சனம் தாங்காது. மற்ற நாட்களிலும் இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த குடும்பங்கள் கவலையோடு நிற்கும். அவர்களுக்கு நடுவில் நான் எத்தனை தரம் குறுக்கே நீந்தினேன் என்று எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

இப்போதும் மாதம் ஒரு தரம் போகிறேன். கிழமை நாளில், வெயில் ஏற முதல். சவர்க்காரம் போடாமல், மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டு மிதக்க. நீந்தத் தெரிந்த பிறகுதான் கீரிமலையின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. உடற்பயிற்சிக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.

கடல்

கடலுக்கு இரண்டு பெரிய கவர்ச்சி. ஒன்று, காசில்லை. மற்றது, உப்புத் தண்ணீரில் உடம்பு இலகுவாக மிதக்கும். தடாகத்தில் கால் தாழ்ந்து போகிறவருக்குக் கடலில் கால் தானாக மேலே வரும். காரைநகர் கசூரினாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். வேலணைச் சாட்டியும் அப்படித்தான், மணற் கரை, பெரும்பாலும் அலை குறைவு. காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையான வடக்குக் கரையோ பல இடங்களில் முருகைக்கல், கால் கிழிந்துவிடும். மணற்காடு, வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பக்கம் திறந்த கடல், அலை பெரிது. அங்கே நீந்தப் பழகுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆழம் குறைவு என்பதே புதியவரை ஏமாற்றவும் செய்யும். இடுப்பளவு என்று நம்பிப் போய்க்கொண்டே இருப்போம். திரும்பிப் பார்த்தால் சவுக்கு மரங்கள் சின்னனாய்த் தெரியும். அங்கே ஒரு பள்ளம் வந்தால், கால் பிடித்துக்கொண்டால், கூப்பிட்ட குரல் கரைக்குக் கேட்காது. காரைநகரில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணையிடம் “இண்டைக்கு இறங்கலாமோ?” என்று கேட்டேன். “கடலைப் பாராதேங்கோ ரீச்சர், காத்தைப் பாருங்கோ” என்றார். அன்றைக்கு அவர் சொல்லித்தந்த பாடத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்கவில்லை.

மாரியில் வாடைக் காற்று அடிக்கும்போது வடக்குப் பார்த்த கரை கொந்தளிக்கும். அது எவருக்கும் கண்ணால் தெரியும், இறங்க மாட்டார்கள். வைகாசியிலிருந்து சோழகம் அடிக்கும். அது தெற்கு, மேற்குப் பக்கத்திலிருந்து வருவதால் வடக்குப் பார்த்த கரையில் தரை மறைப்புக் கொடுக்கும். தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் சனம் ஏமாறுகிறது. காற்று முதுகுப் பக்கமாகத் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ரியூப்பில் மிதக்கிற பிள்ளையை, மல்லாந்து கண்ணை மூடி மிதக்கிறவரைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது காற்றுக்கு எதிராக நீந்த வேண்டும். தெற்குப் பார்த்த கரையில் அதே காலத்தில் அலையும் கலங்கலும் இருக்கும், ஆனால் அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும். இரண்டு காற்றுக்கும் நடுவில், மாசி கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும், விடியப்புறத்துக் கடல்தான் எங்களைப் போன்றவர்களுக்குரியது.

அப்போதும் நான் கடைப்பிடிக்கிற ஒழுங்கு இருக்கிறது. வெளிப்பக்கமாக நீந்துவதில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் கரைக்குச் சமாந்தரமாக நீந்துகிறேன். களைத்தால் கால் ஊன்றலாம். தனியாக ஒருநாளும் இறங்குவதில்லை. கரையில் ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்பார், அவர் கையில் கயிறு கட்டிய ஐந்து லீற்றர் வெறும் கான் இருக்கும். யாராவது தத்தளித்தால் குதிக்காமல் அதை எறிய வேண்டும். நீந்தத் தெரியாதவர் குதித்தால் இரண்டு சாவு. இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலை அரக்கி அரக்கி நடந்தால் மண்ணுக்குள் படுத்திருக்கிற திருக்கை விலகிப் போகும். சொறி என்கிற ஜெலிமீன் மிதக்கிற நாளில் திரும்பி வந்துவிடுவேன்.

வல்வெட்டித்துறைக் கடலைப் பார்க்கிற போதெல்லாம் நினைவுக்கு வருகிறவர்கள் இருவர். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அக்கரைக்குப் போய்த் திரும்பி இக்கரைக்கும் நீந்தி வந்தார். அந்த ஆனந்தனின் உயிர் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் போனது. அப்படிப்பட்டவர்கள் நீந்துகிற கடலிலும் பக்கத்தில் படகு போகும். நாங்கள் துணைக்கு ஒரு ஆளும் இல்லாமல் இறங்குவது அவர்கள் காட்டிய வழி இல்லை.

குளம், தோட்டக் கிணறு, ஆழம் கூடிய நிலாவரைக் கிணறு பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நிலாவரையில் இறங்கவே கூடாது. மழைக்குப் பிறகு குளத்துத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் ஒரு சின்ன வெடிப்புப் போதும் உள்ளே போக. 2024 டிசெம்பரில் வடமராட்சியில் அந்தக் காய்ச்சலால் போன உயிர்களை நாங்கள் மறக்கவில்லை.

முழங்காலும் சீனியும் பிறசரும்

டொக்டர்கள் நீந்தச் சொல்வதற்குக் காரணம் எளிது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் உடம்புப் பாரத்தில் ஏறக்குறையப் பாதிதான் காலில் இறங்கும். நெஞ்சளவில் மூன்றில் ஒன்று. கழுத்தளவில் பத்தில் ஒன்று. ஆகவே நீந்தத் தெரியாதவரும் நெஞ்சளவுத் தண்ணீரில் அங்கும் இங்கும் நடந்தாலே முழங்காலுக்கு நன்மை. அதற்குத் தடாகம்தான் தோது, தளம் சமமாக இருக்கும்.

எந்த நீச்சல் என்பதும் முக்கியம். எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பது தவளை நீச்சல். தேய்ந்த முழங்காலுக்கு அது ஆகாது. காலை வெளிப்பக்கம் மடக்கி உதைக்கும்போது மூட்டின் உட்பக்கம் இழுபடும். தலையைத் தூக்கியே நீந்தினால் கழுத்தும் பிடிக்கும். மல்லாந்து நீந்துவதும், காலை நேராக வைத்து மாறி மாறி அடிப்பதும் முழங்காலுக்கு இதம். தோள் மூட்டில் வருத்தம் உள்ளவர் குப்புற நீந்தும்போது கையைத் தலைக்கு மேலால் வீசுவதில் கவனமாக இருக்க வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்கள், சாப்பிடாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. சீனி இறங்கும்போது வியர்க்கும், நடுங்கும். தரையில் அது தெரியும். தண்ணீருக்குள் வியர்வை தெரியாது, நடுக்கத்தைக் குளிர் என்று நினைப்போம். கரையில் குளுக்கோஸ் வைத்திருங்கள், பக்கத்தில் நிற்கிறவருக்கு உங்கள் வருத்தத்தைச் சொல்லி வையுங்கள். சுடு சீமெந்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீட்டுக்கு வந்து பாதத்தைப் பாருங்கள். பிறசருக்குக் குளிசை எடுக்கிறவர்கள் தண்ணீரை விட்டு மெதுவாக ஏறுங்கள். சடாரென்று ஏறினால் தலை சுற்றும். இருதய வருத்தமோ வலிப்போ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

ஒன்றை நீச்சல் செய்யாது. எலும்பைப் பலப்படுத்துவதற்கு உடம்புப் பாரம் எலும்பில் இறங்க வேண்டும். தண்ணீர் அதைத் தாங்கிக்கொண்டுவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது பெரிய விசயம். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 இலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சொல்கிறது. நான் இரண்டு நாள் நீந்துகிறேன், மூன்று நாள் நடக்கிறேன், கடைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போகிறேன். எங்கள் ஊர் போல மேடு பள்ளம் இல்லாத ஊரில் சைக்கிளை விட்டது நாங்கள் எங்களுக்கே செய்த கெடுதல் என்று நினைக்கிறேன். நீரிழிவும் முழங்காலும் இல்லாமல், வெறுமனே உடம்பு அசைய வேண்டும் என்று மட்டும் நினைக்கிற ஒருவருக்குத் தண்ணீரில் ஆசை இல்லையென்றால், சைக்கிளே போதும். நீச்சலுக்காக அலைய வேண்டாம்.

மச்சாளுக்கு

தெல்லிப்பழையிலிருந்து கீரிமலை கூப்பிடு தூரம். நகரத்துத் தடாகத்துக்குக் காங்கேசன்துறை வீதியால் பஸ்ஸில் வர வேண்டும், காசும் கட்ட வேண்டும். கசூரினா யாழ்ப்பாண நகரத்திலிருந்தே ஏறக்குறைய 20 கிலோமீற்றர். போய்வரப் பெற்றோல் செலவைக் கூட்டிப் பார்த்தால் சும்மா கிடைக்கிற கடலும் சும்மா இல்லை. கிட்ட, காசில்லை என்று பார்த்தால் கீரிமலை வெல்லும். ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது, பாதத்தில் உணர்ச்சி குறைவு, முழங்காலில் தேய்வு. கால் ஊன்றக்கூடிய சமமான தளம், பிடிக்க ஓரம், கண்ணை எடுக்காமல் பார்க்க ஒரு ஆள் என்று அவருக்கு வேண்டிய மூன்றும் சேர்ந்து கிடைப்பது தடாகத்தில் மட்டும்தான். தூரமென்றாலும் கிழமைக்கு இரண்டு நாள், ஆறு மாதம் என்று சொன்னேன். கீரிமலைக்கு ஆறாவது மாதம் நானே கூட்டிக்கொண்டு போவதாகவும், கசூரினாவுக்கு அடுத்த மாசியில் போகலாம் என்றும் சொன்னேன்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் பதிலும் மாறும். சின்ன வயதில் பழகியவர், வருத்தம் எதுவும் இல்லாதவர், காரைநகரிலோ வேலணையிலோ இருக்கிறவர் என்றால், ஒரு மாதம் தடாகத்தில் மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டு துணையோடு கடலுக்குப் போகலாம். தடாகக் காசு கட்ட ஏலாதவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் குழுவாகக் கட்டணம் பேசிப் பாருங்கள். எங்கள் பாடசாலை ஆசிரியைகள் ஆறு பேர் அப்படித்தான் தொடங்கினோம். ஆறு பேரில் நாலு பேர் இன்னும் போகிறோம், ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

மச்சாள் பங்குனியில் சேர்ந்தார். முதல் நாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஏணியை விடாமலே அரை மணித்தியாலம் நின்றார். பழக்குகிற பிள்ளை ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்று, “அன்ரி, நீங்கள் எப்ப சொல்லுறீங்களோ அப்ப” என்றார். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கையை எடுத்தார். இப்போது நெஞ்சளவில் பத்துத் தரம் நடந்து, பலகையைப் பிடித்துக் கால் அடிக்கிறார். போன வியாழன் பஸ்ஸில் இருந்து கூப்பிட்டார். “மச்சாள், இண்டைக்கு நான் மல்லாக்க மிதந்தனான். காதுக்குள்ள ஒரு சத்தமும் இல்லை, ஆகாசம் மட்டும்தான்.”